மருந்துக்கடை வோங் ஃபெய்-ஹுங்

2014-ல் டைல்ஸ் வாங்க ஃபோஷான் போயிருந்தேன். தென் சீனாவில் குவாங்சோ நகரத்தை ஒட்டி இருக்கிற ஊர். கட்டடச் சாமான் வியாபாரத்தில் இருப்பவர்களுக்கு அந்தப் பெயர் நன்றாகத் தெரியும். மூன்றாம் நாள் காலை, ஒரு குடோனில் பெட்டிகளைப் பிரித்து ஷேடு ஒத்துவருகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தபோது, அடுக்கின் மேலிருந்த பெட்டி ஒன்று சரிந்து என் இடது காலில் விழுந்தது. 30 கிலோவுக்குக் குறையாத பெட்டி. ஷூவைக் கழற்றுவதற்குள் கால் வீங்கிவிட்டது.

எனக்கு மொழிபெயர்க்க வந்திருந்தவர் அந்த ஊர்ப் பெண். ஆஸ்பத்திரி தூரம், அடிபட்டதற்குப் பார்க்கிற வைத்தியர் பக்கத்திலேயே இருக்கிறார், முதலில் அவரிடம் காட்டலாம் என்றார். சந்துக்குள் ஒற்றை அறை. ஒரு சுவர் முழுக்கச் சின்னச் சின்ன மர இழுப்பறைகள். வைத்தியருக்கு 70 வயது இருக்கும். என் காலைத் தன் மடியில் எடுத்து வைத்துக்கொண்டு, கண்ணை மூடி, ஒவ்வொரு எலும்பாக அழுத்திக்கொண்டே போனார். முறிவு இல்லை என்றார். கண்ணாடிக் குப்பியிலிருந்து டிகாஷன் நிறத்தில் எதையோ உள்ளங்கையில் ஊற்றித் தேய்க்க ஆரம்பித்தார். சாராய நெடி, அதற்குள் ஏதோ வேர் வாசனை. உயிர் போகிற வலி.

கத்தாமல் இருப்பதற்காகச் சுவரைப் பார்த்தேன். ஒரு கறுப்பு வெள்ளைப் படம் மாட்டியிருந்தது. நீண்ட அங்கி போட்டு நிமிர்ந்து நிற்கிற நடுவயது மனிதர். வைத்தியரின் குருவாக இருக்கும் என்று நினைத்து, யார் என்று கேட்டேன்.

"வோங் ஃபெய்-ஹுங்" என்றார் அந்தப் பெண்.

அந்தப் பெயரை எனக்குச் சின்ன வயதிலிருந்தே தெரியும். வாடகை சிடியில் எத்தனை முறை பார்த்திருப்பேன்! குடையைக் கத்தியாகச் சுழற்றி, காற்றிலேயே நாலைந்து உதை உதைத்துவிட்டுத் தரையிறங்குகிற மனிதர். சண்டைக்காரர் படம் வைத்தியசாலையில் எதற்கு என்று கேட்டேன். அந்தப் பெண் என்னை ஆச்சரியமாகப் பார்த்தார். "அவர் வைத்தியர்தானே சார்."

அன்றிலிருந்து இந்த மனிதரைப் பற்றிக் கிடைத்ததையெல்லாம் படித்துக்கொண்டிருக்கிறேன். குங்ஃபூ என்றதும் நாம் காஞ்சிபுரத்தையும் போதிதர்மரையும் தொட்டுத்தான் பேச்சை ஆரம்பிப்போம். இந்தக் கதைக்கு அவ்வளவு தூரம் போக வேண்டாம். வோங் ஃபெய்-ஹுங் நம் கொள்ளுத்தாத்தா காலத்து ஆள். பரவலாகச் சொல்லப்படும் பிறந்த ஆண்டு 1847. ஃபோஷானுக்குத் தென்மேற்கே இருக்கிற சிச்சியாவ் மலை அவருடைய பூர்வீகப் பகுதி. ஃபெய்-ஹுங் என்றால் பறக்கிற வலசை வாத்து என்று பொருள். அந்தப் பெயருக்கேற்ற மாதிரி, சிறு வயது முழுக்க ஊர் ஊராக அலைந்ததுதான் அவர் வாழ்க்கை.

அவருடைய அப்பா வோங் கெய்-யிங். கான்டன் என்பது குவாங்சோவின் பழைய பெயர். 'கான்டனின் பத்துப் புலிகள்' என்று அந்தப் பக்கத்தில் பத்து வீரர்களைச் சொல்வார்கள். அதில் இவர் ஒருவர். (கதைகளில் மகனையும் அந்தப் பத்துக்குள் சேர்த்துவிடுகிறார்கள். பட்டியலில் இருப்பது அப்பாதான்.) புலி என்று பட்டம் இருந்தாலும் வீட்டில் சோற்றுக்குத் திண்டாட்டம். அப்பாவும் பிள்ளையும் ஃபோஷான், குவாங்சோ தெருக்களில் வித்தை காட்டிப் பிழைத்தார்கள். ஜனம் கூடுகிற இடமாகப் பார்த்து நிற்பார்கள். பையன் கம்பு சுற்றுவான், கைவரிசை செய்து காட்டுவான். கூட்டம் கூடியதும் அப்பா மருந்துக் குப்பிகளை எடுத்து வைப்பார். வித்தை கூட்டம் சேர்ப்பதற்கு, காசு மருந்தில்தான்.

இந்த ஏற்பாட்டைப் புரிந்துகொண்ட பிறகுதான் அந்தச் சந்து வைத்தியசாலை எனக்குப் புரிந்தது. அந்த வைத்தியத்துக்கு கான்டனீஸ் மொழியில் 'டிட்-டா' என்று பெயர். விழுவது, அடிபடுவது. அவ்வளவுதான் அர்த்தம். சுளுக்கு, ரத்தக்கட்டு, மூட்டு விலகல், எலும்பு முறிவு எல்லாம் அதில் அடங்கும். மூலிகைகளைச் சாராயத்தில் மாதக்கணக்காக ஊறவைத்துத் தேய்ப்பு மருந்து தயாரிப்பார்கள். நம் ஊரில் புத்தூர்க் கட்டுப் போடுகிறவரிடம் போகிற மாதிரி, அங்கே டிட்-டா வைத்தியரிடம் போகிறார்கள்.

இது தற்காப்புக் கலையோடு ஒட்டிப் பிறந்ததற்குக் காரணம் ரொம்ப எளிது. மாணவன் தினமும் முன்கையை மரத்திலும் இன்னொருவன் முன்கையிலும் மோதிக்கொள்கிறான். ரத்தம் கட்டும். மூட்டு நழுவும். சரிசெய்யத் தெரியாத ஆசிரியரிடம் யாரும் பிள்ளையை அனுப்ப மாட்டார்கள். எந்த இடத்தில் அடித்தால் மூட்டு விலகும் என்று தெரிந்தவருக்குத்தான் அதை எப்படி உள்ளே தள்ளுவது என்றும் தெரியும். ஒரே அறிவு, ஒரே கை.

ஃபெய்-ஹுங் கற்ற முறைக்கு ஹுங் கார் என்று பெயர். கால்களை அகல வைத்து, குதிரைமேல் உட்கார்ந்த மாதிரி தாழ்ந்து நின்று பழகுகிற தென்சீன முறை. அப்போது சீனாவை ஆண்ட மஞ்சு அரசு, குங்ஃபூவுக்குப் பேர்போன ஷாவோலின் மடத்தை எரித்தபோது தப்பி வந்தவர்களிடமிருந்து இது பரவியது என்பது ஐதீகம். மகனுக்கு முதல் குரு அப்பாவே. அப்புறம் லாம் ஃபுக்-சிங் என்பவரிடம் 'இரும்புக் கம்பி' வரிசையைக் கற்றார். முன்கையில் இரும்பு வளையங்கள் மாட்டிக்கொண்டு, மூச்சை அடக்கி, உறுமலும் கூவலுமாக மெதுவாகச் செய்கிற பயிற்சி அது. வெளியிலிருந்து பார்த்தால் ஒன்றுமே நடக்காத மாதிரி இருக்கும். செய்து பார்த்தால் ஐந்தாவது நிமிடம் உடம்பு நடுங்கும்.

அவர் பெயரோடு ஒட்டிக்கொண்ட இன்னொன்று 'நிழலில்லா உதை'. படங்களில் அதை ஆகாயத்துக்கே கொண்டுபோய்விட்டார்கள். ஹுங் கார் பழகுகிறவர்கள் தருகிற விளக்கம் வேறு. கையால் முகத்துக்கு நேரே வேலை காட்டி எதிராளியின் கண்ணை மேலே நிறுத்திவிட வேண்டும். அந்த நேரத்தில் கீழே, அங்கியின் மறைவில், கால் போய்விடும். பட்டவனுக்கு எப்படிப் பட்டது என்றே தெரியாது, அதனால் நிழலில்லை. பறக்கிற உதையைவிட இது எனக்கு எவ்வளவோ பிடித்திருக்கிறது. இதில் ஒரு மனிதனின் மூளை தெரிகிறது.

இளமையில் ஹாங்காங்கில் வெள்ளைக்காரன் ஒருவன் வளர்த்த முரட்டு நாயை உதைத்தே கொன்றார், தனியாளாக ஒரு ரவுடிக் கூட்டத்தை விரட்டினார் என்றெல்லாம் கதைகள் உண்டு. எது எந்த அளவு நடந்தது என்று பிரித்துப் பார்க்கிற ஆசை எனக்கு இல்லை. வீரக் கதைகள் எல்லா ஊரிலும் ஒரே மாதிரிதான் வளரும். என்னை இழுத்தது அவர் குவாங்சோவில் நடத்திய மருந்துக்கடை.

போ சி லாம் என்பது அந்தக் கடையின் பெயர். ஒரு ஈரடிக் கவிதையிலிருந்து எடுத்த பெயர் என்பார்கள். முதலடி, அரிய வாள் ஒன்று வானத்தில் எழுவதைச் சொல்கிறது. இரண்டாமடி, லிங்ஸி என்கிற மருந்துக் காளான் சோலையெங்கும் பூத்துக் கிடப்பதைச் சொல்கிறது. வாளுக்கு அடைமொழியாக வருகிற 'போ', காளானின் 'சி', சோலையின் 'லாம்'. வாளையும் மருந்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்த பெயர். பெயர்ப்பலகையிலேயே அந்த மனிதரின் இரண்டு தொழில்களும் இருந்தன.

அவரிடம் வந்தவர்களில் லியு யொங்ஃபுவும் ஒருவர். 1880-களில் வியட்நாம் எல்லையில் பிரெஞ்சுப் படைகளோடு மோதிய கறுங்கொடிப் படையின் தலைவர். அவருடைய கால் காயத்தை ஃபெய்-ஹுங் குணப்படுத்தியதாகவும், 'வைத்தியத்திலும் கலையிலும் தேர்ந்தவர்' என்று எழுதிய பலகையை அவர் பரிசளித்ததாகவும் மரபுக் கதை சொல்கிறது. தன் படைக்கு வைத்தியராகவும் பயிற்சியாளராகவும் இவரை வைத்துக்கொண்டாராம். 1895-ல் சீன அரசு தைவானை ஜப்பானுக்கு விட்டுக்கொடுத்தபோது, அங்கே எதிர்த்து நின்றவர்களில் லியு முக்கியமானவர். ஃபெய்-ஹுங்கும் கூடவே போனார் என்பார்கள். அந்தப் போராட்டம் சில மாதங்களில் தோற்றது. திரும்பி வந்த பிறகு பெரும்பாலும் கடையோடு இருந்துவிட்டார்.

கடைக்கு வந்து கற்றவர்கள் யார் யார் என்று பாருங்கள். அவருடைய சீடர்களில் பெயர் பெற்ற லாம் சாய்-விங் ஒரு கசாப்புக் கடைக்காரர். 'பன்றிக்கறி விங்' என்றுதான் ஊரில் கூப்பிடுவார்கள். புலி-கொக்கு வரிசையை இன்று உலகம் முழுக்கப் பலர் பழகுகிறார்கள் என்றால், அதில் பெரும்பங்கு இந்தக் கறிக்கடைக்காரர் வழியாகப் போனது. புலியின் நகமாக வளைந்து பிடிக்கிற கை, அடுத்த நொடி கொக்கின் அலகாகக் குவிந்து கொத்தும். விங் அதைச் சீடர்களுக்குச் சொல்லிக் கொடுத்ததோடு நிற்காமல், படங்களோடு புத்தகமாகவும் போட வைத்தார். வித்தையை மூடி வைத்துக்கொள்வதுதான் வழக்கமாக இருந்த காலத்தில் அது பெரிய மனசு.

சிங்க நடனத்திலும் ஃபெய்-ஹுங்குக்குப் பெரிய பெயர். உயரத்தில் கட்டித் தொங்கவிட்ட கீரையைச் சிங்கம் எட்டிப் பறிக்க வேண்டும். அதுதான் அந்த ஆட்டத்தின் உச்சம். உள்ளே இருப்பவர்கள் இருவர். தோளில் தோள் ஏறி நிற்கிற கால் ஸ்திரமும் தாழ்ந்த நிலையும் குங்ஃபூ பழகாமல் வராது. அதனால்தான் தென்சீனாவில் சிங்கத் தலை எப்போதும் குங்ஃபூ கூடத்திலேயே இருந்தது.

வீரக் கதைகள் விட்டுவிட்டுப் போகிற பகுதி இனிமேல்தான் வருகிறது.

அவருக்கு முதலில் அமைந்த மனைவியர் மூவர், ஒருவர் பின் ஒருவராக இறந்துபோனார்கள். மகன்களில் ஹோன்-சாம் அப்பாவின் வித்தையை நன்றாகக் கற்றவர். அந்த மகனைப் பகைவர்கள் கொன்றுவிட்டார்கள். அதன் பிறகு மற்ற மகன்களுக்கு வோங் ஃபெய்-ஹுங் சண்டைக் கலையைக் கற்றுத்தரவில்லை என்று அவர் வழிவந்தவர்கள் சொல்கிறார்கள்.

இந்த ஒரு செய்தியில் நான் ரொம்ப நாள் நின்றுவிட்டேன். தெற்கே அவருக்கு மிஞ்சிய ஆசிரியர் இல்லை என்று பெயர் எடுத்தவர், சொந்தப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுப்பதில்லை என்று முடிவு செய்கிறார். பெயரும் திறமையும்தான் பிள்ளையைப் பகைவன் முன்னால் கொண்டுபோய் நிறுத்தின என்று அந்தத் தகப்பனுக்குத் தெரிந்திருக்கிறது. எத்தனையோ பேரின் எலும்பைச் சேர்த்து வைத்த கை, இந்த ஒரு உடம்புக்கு ஒன்றும் செய்ய முடியவில்லை. நூறு எதிரிகளை அடித்தார் என்று கேட்டபோது எனக்கு வராத மரியாதை இந்த இடத்தில் வந்தது.

நான்காவது மனைவியாக வந்தவர் மொக் குவாய்-லான். இவரைவிட 40 வயதுக்கும் மேல் இளையவர். அவர்கள் சந்தித்த கதை சுவையானது. மேடையில் வித்தை காட்டிக்கொண்டிருந்த ஃபெய்-ஹுங்கின் செருப்பு கழன்று பறந்து, கூட்டத்தில் நின்ற அந்தப் பெண்ணின் முகத்தில் பட்டதாம். அவர் நேரே மேடையேறி வந்து ஒரு அறை விட்டாராம். இவ்வளவு பெரிய ஆசான் காலில் செருப்பை ஒழுங்காக மாட்டத் தெரியாதா, வேறு ஏதாவது ஆயுதமாக இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று திட்டினாராம். அவரும் மன்னிப்புக் கேட்டுக்கொண்டார். அப்புறம் கல்யாணம். குவாய்-லான் தானும் குங்ஃபூ தெரிந்த குடும்பத்துப் பெண். மருந்துக்கடையிலும் பயிற்சியிலும் கணவருக்குக் கூட நின்றார்.

1924 அக்டோபரில் குவாங்சோவில் வணிகர்கள் வைத்திருந்த ஆயுதப்படைக்கும் சுன் யாட்-சென் அரசுக்கும் மோதல் வெடித்தது. நகரத்தின் மேற்குப் பகுதி பற்றி எரிந்தது. போ சி லாமும் எரிந்துபோனது. மருந்துக் குறிப்புகள், பலகைகள், படங்கள், ஒரு வாழ்நாளின் சேமிப்பு எல்லாம் அதோடு போயின. கிழவர் அந்த அடியிலிருந்து எழுந்திருக்கவில்லை. நோயில் விழுந்தார். அடுத்த வருஷம், 1925-ல், தர்ம ஆஸ்பத்திரி ஒன்றில் இறந்துபோனார். (ஆண்டை 1924 என்று சொல்பவர்களும் உண்டு.) அடக்கம் செய்யக் கையில் காசில்லை. சீடர் வட்டத்தில் இருந்தவர்கள் உதவித்தான் காரியம் நடந்தது.

சரி, இப்படி ஏழையாக இறந்த ஒரு மருந்துக்கடைக்காரர் எப்படி உலகப் புகழ் பெற்ற வீரர் ஆனார்?

முதல் காரணம் லாம் சாய்-விங்கின் சீடர் ஒருவர். சூ யூ-சாய் என்று பெயர். குருவின் குருவைப் பற்றிக் கேட்டதையெல்லாம் பத்திரிகைகளில் தொடராக எழுதினார். கேட்டது எவ்வளவு, சேர்த்தது எவ்வளவு என்று பிரிக்க முடியாதபடி சுவையாக எழுதினார். அந்தக் கதைகளிலிருந்து ஹாங்காங்கில் படம் எடுத்தார்கள். முதல் படம் வந்தது 1949 அக்டோபர். அந்தத் தேதியை யோசித்துப் பார்க்க வேண்டும். பெய்ஜிங்கில் புதிய சீனம் அறிவிக்கப்பட்ட அதே மாதம். குவாங்டோங் மாகாணத்திலிருந்து லட்சக்கணக்கானவர்கள் ஹாங்காங்குக்குள் வந்து குவிந்துகொண்டிருந்தார்கள். ஊருக்கு இனிப் போக முடியுமா என்று தெரியாத ஜனங்கள். அவர்களுக்குத் திரையில் ஃபோஷான் தெருவும், சிங்க நடனமும், மருந்துக்கடையும், தங்கள் மொழியும் கிடைத்தன. நடுவில் ஒரு பெரியவர். அவர் முதலில் கை ஓங்க மாட்டார். பொறுத்துப் பொறுத்துப் பார்ப்பார். அடித்து வீழ்த்தியவனையும் கடைசியில் மன்னிப்பார், சில சமயம் அவன் காயத்துக்கே மருந்தும் போடுவார்.

1956-ல் மட்டும் அவரைப் பற்றி 25 படங்கள் வந்தன. இரண்டு வாரத்துக்கு ஒரு படம் என்கிற கணக்கு. இதுவரை நூற்றுக்கும் மேல். அவற்றில் 70-க்கும் மேற்பட்ட படங்களில் ஃபெய்-ஹுங்காக நடித்தவர் ஒரே ஆள்தான்: குவான் தாக்-ஹிங், கான்டனீஸ் நாடக மேடையிலிருந்து வந்தவர். அந்தப் படங்களில் சண்டை அமைத்தவர்களும் நடித்தவர்களும் வெளியாட்கள் இல்லை. லாவ் சாம் என்கிற நடிகர் லாம் சாய்-விங்கின் நேரடிச் சீடர். தன் குருவின் வேஷத்தையே திரையில் போட்டார். அவர் மகன் லாவ் கார்-லியுங் பின்னால் பெரிய இயக்குநராகி, தன் பரம்பரையின் மூத்த குருவைப் பற்றித் தானே படம் எடுத்தார். 1978-ல் ஜாக்கி சானும் 1991-ல் ஜெட் லீயும் நடித்து நாம் பார்த்த படங்கள் இந்த நீண்ட வரிசையின் பிந்தைய வரவுகள்.

மொக் குவாய்-லானும் குழந்தைகளோடு ஹாங்காங் போய்ச் சேர்ந்தார். கணவர் வழியிலேயே அங்கே வைத்தியமும் குங்ஃபூவும் சொல்லிக்கொடுத்துப் பிழைத்தார். 1982 வரை உயிரோடு இருந்தார். முதிய வயதில் அவர் கைவரிசை செய்து காட்டுகிற ஒரு பழைய தொலைக்காட்சிப் பதிவு உண்டு. நரைத்த தலை, சாதாரண உடை. கால் மட்டும் தரையில் வேர் பிடித்த மாதிரி. ஊரெல்லாம் கணவரைத் திரையில் பறக்கவிட்டுக்கொண்டிருந்த காலத்தில், அவரோடு குடும்பம் நடத்திய பெண் இப்படித் தரையிலேயே நின்று செய்து காட்டியிருக்கிறார். அந்தப் பதிவை நான் பலமுறை பார்த்துவிட்டேன்.

கால் அடிபட்டதற்கு இரண்டாம் நாள், கம்பு ஊன்றிக்கொண்டு ஃபோஷானின் ஸூமியாவ் கோயிலுக்குப் போனேன். ஊரின் மூத்த கோயில், வடதிசைத் தெய்வத்துக்கு எழுப்பியது. கூரை முகட்டில் வரிசையாக நூற்றுக்கணக்கான பீங்கான் உருவங்கள்: அரசர்கள், வீரர்கள், குதிரைகள். அவையெல்லாம் அதே ஊரின் ஷிவான் சூளைகளில் சுட்டவை. இன்று நாம் கன்டெய்னர் கன்டெய்னராக வாங்குகிற டைல்ஸுக்கும் அந்தச் சூளைகள்தான் மூதாதை. மேலே பார்த்துக்கொண்டே நின்றதில் கழுத்து வலித்தது. தொழில்காரனுக்கு அந்த மெருகைப் பார்த்து நகர முடியாது.

கோயில் வளாகத்துக்குள்ளேயே வோங் ஃபெய்-ஹுங்குக்கு ஒரு நினைவு மண்டபம் கட்டியிருக்கிறார்கள். முற்றத்தில் சிறுவர்கள் சிங்கம் ஆடினார்கள். முரசுச் சத்தம் நெஞ்சுக்குள் இறங்கியது. அங்கே சுற்றி வந்தபோதுதான் எனக்கு உறைத்தது. இது அவர் முகம்தான் என்று எல்லோரும் ஒப்புக்கொள்கிற ஒரு புகைப்படம்கூட இன்று இல்லை. அப்படியானால் அந்த வைத்தியர் சுவரில் மாட்டியிருந்தது யார்?

ஊருக்குத் திரும்பித் தேடிப் பார்த்தேன். பழைய ஹாங்காங் படங்களின் விளம்பரங்களில் அதே நிமிர்வு, அதே அங்கி, அதே முகம். குவான் தாக்-ஹிங். வைத்தியர் சுவரில் இருந்தது நடிகரின் படம்.

கொஞ்சம் வருத்தமாகக்கூட இருந்தது. ஆனால் குவானைப் பற்றி மேலும் படித்தபோது அந்த வருத்தம் போய்விட்டது. அத்தனை வருஷம் அந்த வேஷம் போட்ட மனிதர், ஹாங்காங்கில் நிஜமாகவே ஒரு டிட்-டா வைத்தியசாலை வைத்து நடத்தியிருக்கிறார். அதற்கு அவர் வைத்த பெயர் போ சி லாம். 1996-ல் அவர் இறந்தார். 1924-ல் எரிந்துபோன பெயர்ப்பலகை, வேறு ஊரில், வேறு கையில், நோயாளிகளுக்குத் திறந்த கதவின் மேல் மறுபடி தொங்கியிருக்கிறது.

மொழிபெயர்ப்பாளர்ப் பெண்ணுக்கு வீசாட்டில் செய்தி அனுப்பினேன். படத்தில் இருப்பது நடிகர் என்று வைத்தியருக்குத் தெரியுமா, முடிந்தால் கேட்டுச் சொல்லுங்கள். ஒரு வாரம் கழித்துப் பதில் வந்தது.

"கேட்டேன் சார். தெரியுமாம். அந்த நடிகர் கொடுத்த மருந்தும் நல்ல மருந்து என்றார். மழைக்காலத்தில் உங்கள் கால் குடைகிறதா என்று கேட்கச் சொன்னார்."

குடையவில்லை என்று எழுதினேன்.